துடைத்த ஓரங்கள்

அவரைத் தெருவில் எல்லோரும் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் மட்டும் கொள்ளும் அறையில் உட்கார்ந்து, முப்பது வருடமாக மற்றவர்கள் வாய்க்குப் பல் செய்துகொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் அறுபதைத் தாண்டியும் பளிச்சென்று சிரிப்பவர்களில் பாதிப் பேர் அவர் செய்துகொடுத்த சிரிப்பைத்தான் சிரித்தார்கள். டாக்டர் அனுப்பும் மெழுகு அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் போதும். அந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார், கோபம் வந்தால் பல்லைக் கடிக்கிறாரா என்பதுவரை சொல்லிவிடுவார். மற்றபடி அதிகம் வாய் திறக்காத மனிதர்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய போர்ப் படப் புத்தகங்கள். காமிரா போர்க்களத்துக்குப் போகாத காலத்தில், படைகளுக்குப் பின்னாலேயே ஓவியர்களும் போனார்கள். பார்த்ததை மெழுகுக் கரிக்கோலால் வழவழப்பான கல்லில் வரைந்து, கல்லிலிருந்து தாளுக்கு ஒற்றியெடுத்து, இருபது முப்பது படங்களாகத் தொகுத்து விற்றார்கள். அந்தக் கல்லச்சுத் தொகுப்புகளில் பதினேழு அவரிடம் இருந்தன. எரியும் பாலங்களும் சேற்றில் புதைந்த பீரங்கிகளும் வயிறு கிழிந்த குதிரைகளும் கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு அலமாரிகளில் அடுக்காக நின்றன. அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது அலமாரியைப் பார்த்து வாயைப் பிளந்தால், “எங்க வீட்ல எப்பவும் மூணு சண்டை நடக்கும். ரெண்டு அந்த அலமாரியில, ஒண்ணு எனக்கும் அவருக்கும்” என்பாள்.

படத்தில் நடக்கும் போரைவிடத் தாளின் சுத்தம்தான் அவருக்குப் பெரிது. பழுப்புப் புள்ளியோ, கைரேகையோ, முன்னாள் சொந்தக்காரரின் கையெழுத்தோ இருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதை எடுத்த பிறகுதான் அந்தப் புத்தகம் தன்னுடையது என்று ஒப்புக்கொள்வார்.

பழைய புத்தகம் விற்கும் ஒருவர் இருந்தார். கடையின் நிலைமையால் அவருக்குத் தூசி என்று பெயர். ஒருநாள் மத்தியானம் தூசி கிளினிக்குக்குப் போன் செய்தார்.

“அண்ணே, நீங்க பதினைஞ்சு வருஷமா கேக்கறீங்களே, அந்தக் கோட்டை முற்றுகைப் புத்தகம், வந்திருக்கு. இருபத்துநாலு படமும் இருக்கு, ஒண்ணுகூடக் கிழியல. ஆனா எவரோ ஓரம் பூராப் பென்சில்ல கிறுக்கி வச்சிருக்காரு. மூணு தாள்ல தண்ணிக் கறை வேற. பார்த்துட்டுச் சொல்லுங்க.”

பார்த்துவிட்டுச் சொல்ல என்ன இருக்கிறது. செய்துகொண்டிருந்த கடைவாய்ப் பல்லை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். இறந்துபோன ஒரு டிராயிங் மாஸ்டரின் வீட்டிலிருந்து வந்ததாம். மாஸ்டரின் தம்பி மகன் வீட்டைக் காலி செய்து, இருந்த புத்தகத்தையெல்லாம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். தூசி நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மதில்மேல் ஏணி சாய்ந்திருக்கிறது. ஏணியில் தொங்குகிறவனின் காலைக் கீழே இருப்பவன் பிடித்துக்கொண்டிருக்கிறான். காப்பாற்றப் பிடிக்கிறானா, கீழே இழுக்கிறானா என்று சொல்ல முடியாது. பல்செட்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பார்வையை ஓரத்துக்குத் திருப்பினார். ஓரம் முழுக்கக் கூர்மையான, கெட்டியான பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

வீட்டுக்கு வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டார். கிளினிக்கிலிருந்து திரும்பி, சாப்பாட்டுக்கு முன் தினமும் மூன்று தாள். ரப்பரைத் துருவி மாவாக்கி, ஓரத்தில் தூவி, விரல் நுனியால் வட்டமாகத் தேய்ப்பார். மிச்சத்தை மெல்லிய ரப்பர் கட்டியால் எடுத்து, தூரிகையால் தள்ளிவிடுவார். முதல் தாளில் இருந்ததைப் படித்தார். “ஒன்பதாம் நாள். தரைத்தளம், இடது பக்கம், கடைசிக் கதவு. பெரியவர். சுவரிலிருந்து நாலடி, குழாயிலிருந்து பதினொன்று.” யாரோ தண்ணீர்க் குழாய் பதிக்கக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது தாளிலும் அதே மாதிரி நாள், மாடி, கதவு, அடி. முழுத் தொகுப்பும் கைக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒன்பதாவது தாளை எடுத்தார். மதிலுக்கு அடியில் பெண்கள் தண்ணீர் சேந்தும் படம். அதன் கீழே இப்படி இருந்தது: “முப்பத்தொன்றாம் நாள். இரண்டாம் மாடி, வலது பக்கம், முதல் கதவு. குழந்தை, ஐந்து மாதம். தாய்க்குப் பால் வற்றிவிட்டது. சுவரிலிருந்து இரண்டடி, குழாயிலிருந்து ஆறு. பெட்டி கிடைக்கவில்லை. மேசை இழுப்பறை.”

ரப்பரைக் கீழே வைத்தார். எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். நாற்பது வருடத்துக்கு முன் இந்த ஊரே எழுபது நாள் முற்றுகையில் கிடந்தது அவருக்குத் தெரியும். அப்போது அவர் வேறு ஊரில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு வேலை தேடி வந்தவர். வந்த புதிதில் ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், இவரும் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே தெரிந்துவிட்டது. யாரோ ஒரு கட்டடத்தில் செத்தவர்களையெல்லாம் இந்தப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் எட்டுத் தாள்கள் பால் மாதிரி இருந்தன. இன்னும் பதினாறு சாம்பல் பூசிக் கிடந்தன. இப்படியே விட்டால் புத்தகம் பாதி வெளுப்பும் பாதி அழுக்குமாக நிற்கும். அவர் மனதில் வந்தது அதுதான். வேறு எதுவும் வரவில்லை. ரப்பரை எடுத்தார். அன்றிலிருந்து எழுத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்த்தார். தண்ணீர்க் கறை படிந்த பதினைந்து, பதினாறு, பதினேழாவது தாள்களைத் தட்டில் ஊற வைத்து, கறையை எடுத்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, கனமான கண்ணாடிக்கு அடியில் நாலு நாள் அழுத்தினார். அந்த மூன்றும் கடையிலிருந்து அன்றைக்கு வாங்கியவை போல ஆகிவிட்டன. தன் கைவேலையில் அவருக்கே அன்று ஒரு பெருமை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில் ஓர் அம்மாள் வீடு தேடி வந்தார். ஐம்பதை எட்டும் வயது இருக்கும். அகலமான தோள், வெயிலில் காய்ந்த முகம். இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவராம். முழங்கால் சொல்பேச்சுக் கேட்காததால் வேலையை விட்டுவிட்டாராம். தூசிதான் முகவரி கொடுத்து அனுப்பியிருந்தார். டிரைவரம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பல்செட்காரரின் மனைவி கொடுத்த டீயைக் கையில் வைத்தபடியே விஷயத்தைச் சொன்னார்.

முற்றுகை நடந்தபோது அவருக்கு ஒன்பது வயது. மாஸ்டர் குடியிருந்த அதே கட்டடத்தில், முதல் மாடி, இடது பக்கம், இரண்டாவது கதவு அவர்கள் வீடு. சாலை மூடுவதற்கு முந்தின நாள் அம்மாவும் அவரும் கடைசி லாரியில் ஏறிவிட்டார்கள். அக்காவுக்கு இருபது வயது, டெலிபோன் நிலையத்தில் வேலை. ஷிப்ட் முடித்து அடுத்த வண்டியில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அடுத்த வண்டி என்று ஒன்று புறப்படவே இல்லை. இடுகாட்டுக்குப் போகும் சாலையில் சுட்டுக்கொண்டே இருந்ததால், செத்தவர்களைக் கட்டடத்தின் பின்முற்றத்திலேயே புதைத்தார்கள் என்பது பிறகு காற்றுவாக்கில் காதில் விழுந்தது. முற்றுகையை முடித்துக்கொண்டு உள்ளே வந்தவர்களோ அங்கே யாரும் சாகவில்லை, எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று காகிதத்தில் எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். அதை மறுத்துப் பேசிய இரண்டு பேர் காணாமல் போனார்கள். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். முற்றத்துக்குச் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்த விட்டுவிட்டார்கள்.

“நான் எத்தனையோ தடவை அவர்கிட்டக் கேட்டிருக்கேன் சார். எல்லாம் எழுதி வச்சிருக்கேன், காலம் வரட்டும்னுவாரு. காலம் வந்தப்ப அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. போன வருஷம் முதியோர் இல்லத்துல போய்ப் பார்த்தேன். இடது கையால கோணல்மாணலா எழுதிக் காட்டினாரு. படப் புத்தகம், ஓரம்னு ரெண்டே வார்த்தை. சாவி தம்பி மகன்கிட்ட இருந்துச்சு. அவன் ஆறு மாசம் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சான். மாஸ்டர் செத்தது, வீட்டைக் காலி பண்ணது எதுவும் எனக்குத் தெரியல.”

இப்போது அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மூன்று வாரத்தில் மண் தோண்டும் எந்திரம் வந்துவிடும். எழுத்தில் ஆதாரம் இருந்தால் கையால் தோண்டிப் பார்ப்போம், இல்லாவிட்டால் இல்லை என்று நகராட்சியில் கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் ஓடி வந்திருக்கிறார்.

பல்செட்காரர் அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். டிரைவரம்மா இரண்டு கைகளையும் சேலையில் துடைத்துக்கொண்டு முதல் தாளைத் திருப்பினார். இரண்டாவது. மூன்றாவது. இருபத்துநாலையும் திருப்பி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரத்தில் பல்செட்காரர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அலமாரியின் கண்ணாடிக் கதவைச் சாத்தப் போனார்.

“இது வேற பிரதியோ என்னமோ?” என்றார் டிரைவரம்மா.

“இருக்கலாம்மா. தூசி கடையில நிறைய வரும், போகும். மாறியிருக்கலாம்.”

டிரைவரம்மா டீயைக் குடிக்காமலே எழுந்தார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு மனைவி வந்து புத்தகத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“இந்தப் புத்தகம் வந்தப்ப ஒரு வாரம் பூரா இந்த மேசையைத் துடைச்சது நான்தாங்க” என்றாள். “அத்தனை ரப்பர்த் தூளும் எங்கிருந்து வந்துச்சு?”

அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலம், யாரும் சொல்லாமலே, அவர் முதல் தாளை எடுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடைமட்டமாகப் பிடித்தார். சாய்ந்த வெயில் தாளின்மேல் படுத்த மாதிரி விழுந்தது. வெளுத்த ஓரத்தில் மிக மெல்லிய பள்ளங்கள் தெரிந்தன. மெழுகில் பல் பதிந்த தடம் எத்தனை பார்த்திருக்கிறார். மாஸ்டர் அழுத்தி எழுதுகிறவர். கரி போயிருந்ததே தவிர, தடம் போகவில்லை.

மறுநாள் டாக்டரிடம் பத்து நாள் விடுப்புக் கேட்டார். நாலு பேர் வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் விடுப்பா என்று டாக்டர் குதித்தார். குதிக்கட்டும் என்று வந்துவிட்டார். முன்னறை ஜன்னலைப் போர்வையால் மூடி, பட்டறை விளக்கைத் தாளின் மட்டத்துக்கு இறக்கி வைத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஓர் எழுத்துக்காக விளக்கை நாலு பக்கமும் நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மனைவியும் விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவள் எழுதினாள். நாள், மாடி, கதவு, ஆள், அடி. தபால்காரரின் அம்மா. மாடிப்படிக்குக் கீழே இருந்த செருப்புத் தைப்பவர். ஒரே வரியில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே குழி. ஒரு வரியில் “இவருக்கு யாரும் அழவில்லை, நான் அழுதேன்” என்று இருந்தது. அதை எழுதிவிட்டு மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

ஒன்பதாவது தாள் வந்தது. அவர் அதை விளக்குக்குக் கீழே வைத்தார். லென்ஸை இறக்க மறந்துவிட்டார். “முப்பத்தொன்றாம் நாள். இரண்டாம் மாடி, வலது பக்கம், முதல் கதவு. குழந்தை, ஐந்து மாதம்” என்று தொடங்கி, மேசை இழுப்பறை வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பேனா நின்றது.

“லென்ஸ் போடாமலே சொல்றீங்க” என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். படித்துவிட்டுத்தான் அழித்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ கிறுக்கல் என்று நினைத்து, தெரியாமல் அழித்துவிட்டார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த வரியை நிதானமாக எழுதி முடித்தாள். நோட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் வந்து உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும். எழுத்துகளைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சில்லை.

எட்டு நாளில் இருபத்தொரு தாள்களிலிருந்து நாற்பத்துமூன்று பேர் எழுந்து வந்தார்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு மட்டும் வாய் திறக்கவில்லை. ஊறி, உப்பி, கண்ணாடிக்கு அடியில் நசுங்கி, காய்ந்த தாளில் தடமே இல்லை. விளக்கை எப்படி வைத்தாலும் வெறும் தாள். முன்னும் பின்னும் இருந்த தேதிகளை வைத்துப் பார்த்தால், நாற்பத்தேழாம் நாளிலிருந்து ஐம்பத்தைந்தாம் நாள் வரை நடந்தது அந்த மூன்று தாள்களில் இருந்திருக்க வேண்டும். முதல் மாடி, இடது பக்கம், இரண்டாவது கதவு என்று மற்ற எந்தத் தாளிலும் இல்லை.

நோட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவர் டிரைவரம்மாவின் வீட்டுக்குத் தனியாகப் போனார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஊழியர் குடியிருப்பில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவர் புத்தகத்தைப் பார்த்ததுமே வழி விட்டார். உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை.

“அன்னிக்கு நான் பொய் சொன்னேன்மா. இது அதே புத்தகம்தான். நான்தான் அழிச்சேன்.”

டிரைவரம்மா நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போனார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். செருப்புத் தைப்பவரின் வரி வந்தபோது, சின்ன வயதில் தன் செருப்புக்கு அவர் காசு வாங்கமாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

“எங்க வீடு இல்லையே சார்.”

பல்செட்காரர் அந்த மூன்று தாள்களைப் பற்றிச் சொன்னார்.

“அதுல என்ன இருந்துச்சு? அழிக்கறப்ப கண்ணுல பட்டிருக்குமில்ல?”

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வழியெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தார். அந்த மூன்று தாள்களில் இருந்த கறை அவருக்கு அச்சு அசலாக ஞாபகம் இருந்தது. வலது மூலையிலிருந்து இறங்கி, நடுவில் ஒரு நாக்கு மாதிரி நீண்டு, விளிம்பு மட்டும் அடர்ந்த பழுப்பில். எத்தனையாவது முறை தண்ணீர் மாற்றியபோது அது விட்டது என்பதுகூட ஞாபகம் இருந்தது. எழுத்தில் ஒன்றுகூட இல்லை. டெலிபோன் நிலையத்துப் பெண் என்று ஒரு வரி இருந்ததாகச் சொல்லிவிடலாம்; வலியில்லாமல் போனாள் என்று மாஸ்டர் எழுதியிருந்ததாகவும் சொல்லிவிடலாம். எந்திரம் வரப்போகிற நேரத்தில் அந்த அம்மாளுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும். வாய்வரை வந்தது.

“இல்லம்மா” என்றார். “ஒன்பதாவது தாள் வரைக்கும் எழுத்து கண்ணுல பட்டுச்சு. அது என்னன்னு தெரிஞ்சப்புறம் படிக்கறதை நிறுத்திட்டேன். அழிக்கறதை நிறுத்தல.”

டிரைவரம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். அடிப்பார் என்று பல்செட்காரர் நினைத்தார்; அடிக்கட்டும் என்றும் நினைத்தார். அந்த அம்மாள் எழுந்து நோட்டை ஒரு துணிப்பையில் போட்டார்.

“நகராட்சி நாலு மணிக்கு மூடிடுவாங்க. விளக்கை எடுத்துட்டு வாங்க” என்றார்.

நகராட்சி அதிகாரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே, இந்த நோட்டை நீங்களே எழுதிக்கொண்டு வந்திருக்கலாமே என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பல்செட்காரர் ஜன்னலை அடைக்கச் சொல்லி, விளக்கைத் தாளின் மட்டத்தில் வைத்தார். அறையில் இருந்த குமாஸ்தாக்கள் எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத் தாளில் எழுத்துகள் நிழலாக எழுந்து நின்றபோது யாரோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். இதை யார் அழித்தது என்று அதிகாரி கேட்டார். நான் என்றார். ஏன் என்று கேட்டார். சுத்தமாக இருக்கட்டும் என்று, என்றார். அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை எப்படி ஒலித்தது என்பது அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் கேட்டது. ஒரு குமாஸ்தா அதை எழுத்தில் வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். புத்தகம் ஆதாரமாக அங்கேயே நின்றுவிட்டது.

எந்திரம் வரவில்லை. மண்வெட்டியும் கரண்டியும் தூரிகையுமாக ஆறு பேர் வந்தார்கள். சிமெண்டைப் பெயர்த்த பிறகு, குழாய் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குள் நடந்து போய், ஓரிடத்தில் நின்றார். ஒன்பது வயதுவரை தினமும் வாளியோடு வந்து நின்ற இடம். ஒரு முழம் தோண்டியதும் துருப்பிடித்த குழாய் முனை தெரிந்தது. அங்கிருந்து அளந்தார்கள்.

ஐந்து வாரம் ஆயிற்று. எழுதியிருந்த நாற்பத்துமூன்று பேரில் நாற்பத்தொரு பேர் எழுதிய இடத்தில் இருந்தார்கள். சுவரிலிருந்து இரண்டடித் தூரத்தில் அந்த மேசை இழுப்பறை இருந்தது. பித்தளைக் கைப்பிடி அப்படியே இருந்தது. அன்று தோண்டுகிறவர்கள் மத்தியானத்தோடு வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குழந்தையின் தாய் உயிரோடிருந்தாள். எழுபது வயதுக்கு மேல். யாரோ போய்ச் சொல்லிக் கூட்டிவந்தார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. கைப்பிடியை மட்டும் கழற்றித் தரச் சொன்னாள். வேலிக்கு வெளியே நின்றிருந்த பல்செட்காரர் அவளைப் பார்த்தார். அவள் வாயில் இருந்தது தான் செய்துகொடுத்த பல்தான் என்று தெரிந்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரிகளில் இல்லாத இடங்களில் இன்னும் ஒன்பது பேர் கிடைத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இளம்பெண்கள். இரண்டு பேருக்கும் நல்ல பல்வரிசை. ஒரு சொத்தை, ஓர் அடைப்புகூட இல்லை. அக்காவுக்குப் பல்லில் ஏதாவது அடையாளம் உண்டா என்று சோதனைக்காரர்கள் கேட்டார்கள். டிரைவரம்மாவுக்கு அக்காவின் குரல் நினைவிருந்தது, ஜடை நினைவிருந்தது, பல் நினைவில்லை. எலும்பைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சிமெண்டுக்கு அடியில் ஊறிய தண்ணீரில் எதுவும் மிஞ்சவில்லை, பதில் சொல்ல இயலாது என்று இரண்டு மாதம் கழித்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. உறவுக்காரர் யாராவது வருவார்களா என்று வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது. யாரும் உரிமை கோராதவற்றை ஒரே குழியில் போட்டுவிடுவோம் என்றும் அதில் எழுதியிருந்தது.

டிரைவரம்மா அதிகாரியிடம் போய், அந்த இரண்டு பேரையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார் அதிகாரி.

“ஒருத்தி எங்க அக்காவா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இன்னொருத்திக்கு இத்தனை நாள் யாரும் வரல. ரெண்டு பேருக்கும் நான் தங்கச்சின்னு எழுதிக்கோங்க” என்றார். அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அடக்கம் செய்த அன்று தூறிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பேரில் பெரும்பாலோருக்கு அவரவர் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். யாரும் இல்லாதவர்களுக்கு நகராட்சி ஊழியர்கள் நின்றார்கள். பல்செட்காரர் வாசலோடு நின்றுவிடத்தான் வந்தார். மனைவி மட்டும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டிரைவரம்மா வாசலுக்கு வந்து, பெட்டி தூக்க ஓர் ஆள் குறைகிறது என்று மட்டும் சொன்னார். அவர் போய், அந்த இரண்டு பெண்களின் பெட்டிகளில் இரண்டாவதன் இடது பக்க முனையைப் பிடித்தார். கனமே இல்லை. அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு டிரைவரம்மாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“வேணாம் சார்” என்றார் அவர். “நீங்க சொல்லிட்டா நான் பரவாயில்லைன்னு சொல்லணும். என்னால முடியாது.”

மூன்று பேரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டியிருந்தது. ஒரு குடைதான் இருந்தது. மனைவி அதை டிரைவரம்மாவின் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பல்செட்காரர் நனைந்துகொண்டு நாலடி தள்ளி நின்றார். பஸ் வந்தது. பெண்கள் இருவரும் முன்னால் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பின்னால் இடம் காலியாக இருந்தது. அவர் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் அவர்கள் ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருமுறை டிரைவரம்மா முழங்காலைத் தொட்டுக் காட்டினார், மனைவி தலையாட்டினாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டினார், அதற்கும் தலையாட்டினாள். என்ன பேசினார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் டிரைவரம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஊழியர் குடியிருப்புப் பக்கம் நடந்தார். மனைவி தன் பக்கத்தில் காலியான இடத்தில் தன் கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டாள்.